அமுக்கினால் விழுகிற கை

1

இன்று கல்லறைத் திருநாள். இந்த ஊர்க்காரர்கள் சாமந்தியைத் தொட்டியோடு வாங்கிப்போய்க் கல்லறைமேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வீடு திரும்புகிறார்கள். நம் திண்டிவனத்தில் சாமந்தியை முழம் போட்டு வாங்குவோம். சத்தமில்லாமல் திரும்புவது மட்டும் நடக்காது, ஏனென்றால் சண்டைபோட்டுப் பிரிந்த சொந்தமெல்லாம் ஒரே இடத்தில் வந்து மாட்டுகிற நாள் அது. பாரிஸுக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் குடியிருந்தும் எங்கள் குடும்பத்தில் இங்கே இன்னும் யாரும் சாகவில்லை. அதனால் எனக்குக் கல்லறைக்குப் போகிற வேலை இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, தொட்டி தூக்கிக்கொண்டு போகிறவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வருடம் இதே நாளில்தான் என் வலது கை விழுந்தது.

இதை நான் எழுதவில்லை. போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. தப்பிருந்தால் போனைக் கேளுங்கள். எழுதுகிற கை போய்விட்டது என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். சவரிமுத்துவின் கை எழுதி யார் பார்த்தது? மூன்றாம் வகுப்பில் என்னை வெளியே அனுப்பினார்கள், நானும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். ஆக எனக்குப் பெரிய நஷ்டமில்லை என்றுதான் முதலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விழுந்தது இப்படித்தான். லீவில் ஊருக்குப் போயிருந்தேன். திண்டிவனத்தில் பிலோமினா அக்கா வீட்டில் தங்கி, அன்றைக்கு அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்த நெருப்புப் பெட்டியை எடுத்தேன். பெட்டி கீழே விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எந்தச் சாவு வீட்டிலும் யாரையாவது சிரிக்க வைத்துவிட்டு வருகிற ஆள். காலும் இழுத்துக்கொண்டு கல்லறைமேலேயே சரிந்தபோதுகூட, பழைய கூட்டாளி ஒருவன் கை தட்டினான். வாய் பேசவில்லை என்று தெரிந்த பிறகுதான் அக்கா கத்தினாள். வாய் மறுநாளே சரியாகிவிட்டது. அதில் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்று பிற்பாடு நானே சொல்லி அவளை அழ வைத்தேன்.

2

நான் எப்படி இந்த நாட்டுக்கு வந்தேன் என்று, என்னைத் தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ரோசாலி புதுச்சேரிக்காரி. அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் அந்தக் குடும்பத்துக்கே இந்த நாட்டுக் குடியுரிமை. பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளை என்ன படிப்பு என்று கேட்டார்கள். எங்கள் தரகர் பிரெஞ்சு மட்டும் இனிமேல்தான் படிக்கணும் என்றார். மற்றதெல்லாம் படித்து முடித்துவிட்டேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் தாங்காதவனுக்கு இங்கே கிடைத்த வேலை பள்ளிக்கூடத்தில். பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற சமையலறையில் பெரிய அண்டா, தட்டு, வாணலி எல்லாம் கழுவிக் கவிழ்ப்பது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமும் அந்த அறைக்குள் அடங்கும். முதல் வார்த்தை ‘ஷோ’. சூடு என்று அர்த்தம். கொதிக்கிற அண்டாவோடு ஒருவன் ஷோ என்று கத்தினால், நீ யாராக இருந்தாலும், கையில் என்ன இருந்தாலும், சுவரோடு ஒட்டிவிட வேண்டும். இத்தனை வருடத்தில் என் முதுகு அந்தச் சுவரில் ஒரு வழவழப்பையே உண்டாக்கியிருக்கும். ஒருதடவை மாதா கோயிலில் பூசை நடக்கும்போது பின்னால் யாரோ அப்படிச் சொன்ன மாதிரி இருந்து, நான் தூணோடு ஒட்டி நின்றதை ரோசாலி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

மகன் ஜெரோம் இங்கே பிறந்தவன். கம்ப்யூட்டர் வேலை. ஒரே வீட்டில் இருந்தாலும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நடமாடுவான். என் பிரெஞ்சைக் கேட்டால் அவனுக்குக் கூச்சம், அவன் தமிழைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு. அதனால் இரண்டு பேரும் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். அவன் கையை நான் கடைசியாகப் பிடித்தது அவனை ரோடு தாண்ட வைத்தபோதாக இருக்கலாம்.

3

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய பிறகு, விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு அக்கா என்னைக் கூட்டிப் போவாள். திண்டிவனத்திலிருந்து பஸ், இறங்கி ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் என் வலது கையை அக்கா மடியில் வைத்துக்கொள்வாள், மார்க்கெட்டில் வாங்கிய சுரைக்காயை வைத்துக்கொள்கிற மாதிரி.

கிளினிக்கில் ஷர்மிளா என்று ஒரு சின்ன வயசுப் பெண். எனக்கு அவள் டாக்டரம்மா. அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள், தசைக்கு மார்க் போடுவது உண்டு என்று. தசை அசையவே இல்லையென்றால் பூஜ்யம். தொட்டுப் பார்த்தால் துடிப்பு மட்டும் தெரிந்தால் ஒன்று. பாரத்தை யாராவது தாங்கிக்கொண்டால் அசைகிறது என்றால் இரண்டு. தன் பாரத்தைத் தானே தூக்கினால் மூன்று. தூக்கிய பிறகு அவள் அமுக்கும்போது கொஞ்சம் தாங்கினால் நான்கு. எவ்வளவு அமுக்கினாலும் அசையாமல் நின்றால் ஐந்து. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மார்க். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பரீட்சையில் எனக்கு மார்க் வாங்க ஆசை வந்தது.

மணிக்கட்டுக்கு முதலில் ஒன்று. மேசைமேல் கையைக் கிடத்தி, முழங்கைக்குக் கீழே விரல் வைத்துக்கொண்டு, கையை மேல் பக்கமாக மடக்குவதாக நினைக்கச் சொன்னாள். நான் நினைத்தேன். கை கிடந்தபடியே கிடந்தது. ஆனால் துடிக்கிறது என்று சொல்லி அக்காவின் விரலையும் அங்கே வைக்கச் சொன்னாள். அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதங்களில் தோள் தேறி வந்தது. திண்டிவனத்தில் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கிக் காட்டினேன். ஷர்மிளாவுக்கும் காட்டினேன். அவள் என் தோள்பட்டையைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்து, உடம்பைச் சாய்க்காமல் இப்போது தூக்குங்கள் என்றாள். கை பாதி தூரம்தான் போனது. இத்தனை நாள் நான் தோளை எக்கி, இடுப்பைச் சாய்த்து, கையை மேலே கொண்டுபோயிருக்கிறேன். தெருவே நம்பியது, நானும் நம்பினேன்.

அக்காவுக்கும் திட்டு விழுந்தது. அவர் தானே சாப்பிடுகிறாரா, சட்டைப் பொத்தான் போடுகிறாரா என்று ஷர்மிளா கேட்டபோது, அதெல்லாம் நான் பண்ணிவிடுகிறேன் என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். இனிமேல் ஊட்டக்கூடாது என்று உத்தரவு. விரலுக்குப் பயிற்சியாக மல்லாட்டை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், உரிக்கக் கொடுத்தார்கள். வலது கையால் உரிக்க வேண்டும். நான் இடது கையால் உரித்துத் தின்றுவிட்டு, தோலை வலது கைப்பக்கம் தள்ளிவைத்தேன். அக்கா அன்றைக்கே காட்டிக் கொடுத்தாள்.

4

பிரான்சிலிருந்து செய்தி வந்தது. சமையலறையில் என் இடம் எத்தனை நாள் காலியாக இருக்கும் என்று கேட்கிறார்கள், கையின் பலம் எவ்வளவு என்று ஊரில் சோதித்த பேப்பரோடு வரவேண்டும், பிறகு இங்குள்ள டாக்டரும் பார்ப்பார் என்று. அண்டா தூக்க முடிந்தால் வேலை. முடியாவிட்டால் இல்லை. ரோசாலி ஆபீஸ்களைக் கூட்டிப் பெருக்குகிற வேலையில் இருக்கிறாள், அவள் முட்டியும் தேய்ந்துவிட்டது. போனில் அவள் சாப்பிட்டாயா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். என்னைக் கூட்டிவர ஜெரோமை அனுப்பினாள்.

அவன் விழுப்புரம் கிளினிக்கில் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகில் பையோடு உட்கார்ந்திருந்தான். ஷர்மிளா பேசிய தமிழ் அவனுக்கு வேகம். நான் பிரெஞ்சில் முழிப்பதுபோல அவன் அங்கே முழித்தான். எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்ததை மறைக்கவில்லை.

கடைசி சோதனை. ஷர்மிளா என்னை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, வலது கையை முன்னால் நீட்டித் தூக்கச் சொன்னாள். தூக்கினேன், இந்தத் தடவை ஒழுங்காக.

“அப்படியே நிறுத்துங்க ஐயா. நான் அமுக்குவேன். நீங்க விடக்கூடாது.”

அமுக்கினாள். கை இறங்கியது. போன தடவை மாதிரியே மூன்று. பிறகு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கையையும் தூக்கச் சொன்னாள். அதுவரை நல்ல கையை அவள் சோதித்ததில்லை. தூக்கினேன். அமுக்கினாள். அதுவும் இறங்கியது.

அவள் நிறுத்திவிட்டாள். மறுபடி தூக்கச் சொல்லி அமுக்கினாள், மறுபடி இறங்கியது. இந்தக் கை மரத்துப்போகிறதா, கழுத்து வலிக்கிறதா, கண் இருட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்கா இந்தக் கையும் போய்விட்டது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜெரோம் எழுந்து நின்றான். நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஷர்மிளா என் முகத்தைப் பார்த்தாள்.

“ஐயா, இப்ப இன்னா பண்ணீங்க?”

“நீங்க அமுக்கினீங்க. நான் எறக்கினேன்.”

“விடாதீங்கன்னு சொன்னேனே.”

“நீங்க சொல்லுவீங்க டாக்டரம்மா. அதுக்காவ நீங்க கைய வச்சி அமுக்கும்போது நான் மொறைச்சிக்கினு நிப்பனா? மரியாதைன்னு ஒண்ணு இல்லியா?”

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றது. இந்தப் பக்கத்து வயசான ஆட்கள் சிலர் இப்படிச் செய்வார்கள் என்று தெரியும், ஆனால் இவ்வளவு வாய் பேசுகிற நீங்கள் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை என்றாள்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. நான் அதை யோசித்துச் செய்யவில்லை. எதிரே இருந்து ஒரு கை வந்தால் என் கை தானாக இறங்குகிறது. சின்ன வயதில் நாங்கள் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தபோது, வரப்பில் எதிரே நிலத்துக்காரர் வந்தால் நாங்கள் சேற்றில் இறங்கி நிற்போம். யாரும் இறங்கு என்று சொன்னதில்லை. அப்பா இறங்குவார், பின்னால் நான் இறங்குவேன். தலையில் நாற்றுக்கட்டு இருந்தாலும் இறங்குவோம். அதற்கப்புறம் இங்கே வந்து சுவரோடு ஒட்டப் பழகினேன். இங்கே நாடு வேறு, ஆள் வேறு, ஆனால் என் உடம்பு அதையெல்லாம் விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை போலிருக்கிறது. இதைப்பற்றி நான் ஊரில் ஒரு நகைச்சுவைகூடச் சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

ஷர்மிளாவுக்கு வேறு கவலை. அப்படியென்றால் இதுவரை போட்ட மார்க்கெல்லாம் குறைவாக இருக்கலாம் என்றாள். அதைக் கேட்டதும் அறையே மாறிவிட்டது. அக்கா முந்தானையை எடுத்தாள். கையில் பலம் இருக்கிறது, இந்த மடையன்தான் மரியாதை கொடுத்து மறைத்துவைத்திருக்கிறான் என்று அவள் ஜெரோமிடம் விளக்கினாள். நானும் நம்பினேன். அண்டாவைத் தூக்கிவிட்டேன் என்றே மனதில் வந்துவிட்டது.

“இப்ப நான் டாக்டர் இல்ல. பஸ்ல உங்க சீட்டுல உக்கார வந்தவ. தள்ளிவிடுங்க பாக்கலாம்,” என்றாள் ஷர்மிளா.

முதலில் இடது கை. அமுக்கினாள். நான் இறக்கவில்லை. தப்பு செய்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் அமுக்கினாள். அவள் உட்கார்ந்திருந்த சக்கரம் வைத்த ஸ்டூல்தான் பின்னால் நகர்ந்தது. அக்கா உரக்கச் சிரித்தாள். வலது தோள். நின்றது. அவள் நன்றாகவே அமுக்கினாள், கொஞ்சம் ஆடி, நின்றது. மூன்று நான்காகியது. முழங்கையும் நான்கு. பேனாவால் அடித்து மாற்றினாள்.

பிறகு மணிக்கட்டு. அண்டாவின் வளையத்தைப் பிடிப்பதற்கு அதுதான் வேண்டும். உள்ளங்கை கீழே பார்க்க, கையை மேலே மடக்கினேன். மேலே வந்தது. அவள் இரண்டு விரலை வைத்து அமுக்கினாள். விழுந்தது. மறுபடி வைத்தேன், பல்லைக் கடித்தேன், வரப்பு, சுவர், நிலத்துக்காரர் எல்லாரையும் நினைத்துக்கொண்டு பிடித்தேன். இரண்டு விரல்தான். விழுந்தது.

அவள் மெதுவாகக் கேட்டாள். “இப்ப மரியாதை குடுத்தீங்களா ஐயா?”

“இல்லம்மா.”

அக்காவின் சிரிப்பு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. விரல் பிடியும் பார்த்தாள். தண்ணீர் ஊற்றிய சொம்பைத் தூக்கச் சொன்னாள், பாதியில் சாய்ந்து மேசை நனைந்தது. அவள் எழுதிக்கொண்டிருந்தபோது நான் பாதி விளையாட்டாகக் கேட்டேன், மணிக்கட்டுக்கும் ஒரு ஐந்து போட்டுவிடுங்கள், எனக்கு இதுவரை யாரும் அவ்வளவு போட்டதில்லை என்று. மீதிப் பாதி விளையாட்டு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

“நான் அஞ்சு போட்டா நீங்க கொதிக்கிற அண்டாவப் புடிச்சிக்கினு போவீங்க ஐயா. அது பசங்க சாப்புட்ற எடம்னு நீங்கதான சொன்னீங்க?”

நான் என்ன கேட்டேன் என்று ஜெரோம் என்னிடம் கேட்டான். ஒன்றுமில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் அவனுக்கு அவ்வளவு தமிழ் புரியும் என்று தெரிந்தது. பிறகு அவன் ஷர்மிளாவிடம், தன் தமிழிலேயே, எப்படி அமுக்கணும், எனக்குச் சொல்லு என்றான். அவள் அவன் விரலைப் பிடித்து என் புறங்கையில் எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது, எப்போது விடுவது என்று காட்டினாள். அவன் விரல் சில்லென்று இருந்தது. ஏசிக்கு நேரே உட்கார்ந்திருந்தான்.

5

பிரான்சுக்குத் திரும்பி வந்ததும் வேலைக்குத் தகுதி பார்க்கிற டாக்டர் என்னைப் பார்த்தார். விழுப்புரத்துப் பேப்பரை மொழிபெயர்த்து முத்திரை வைத்துக்கொண்டு வா என்றார்கள். அப்படியே கொண்டுபோனோம். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தானே ஆரம்பத்திலிருந்து சோதித்தார். ஆள் பெரிய உருவம். மரியாதையெல்லாம் கொடுக்கவில்லை, என்னால் முடிந்தமட்டும் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். தோள் நின்றது. மணிக்கட்டு அவருக்கும் இரண்டு விரலில் விழுந்தது. எல்லா இடத்திலும் அதே மார்க் வருகிறது என்பதில் மட்டும் விழுப்புரம் ஜெயித்தது.

அவர் நிறையப் பேசினார். ஜெரோம் எல்லாவற்றையும் தமிழில் சொன்னான், ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. பஸ் நிறுத்தத்தில் வந்துதான் அதைச் சொன்னான். இனாப்த். அந்த வேலைக்கு லாயக்கில்லை என்று அர்த்தம். சமையலறைக்கு வெளியே நான் கற்றுக்கொண்ட முதல் பிரெஞ்சு வார்த்தை. ரோசாலியிடம் நானே அதைச் சொன்னேன், உச்சரிப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்து போய் உலை வைத்தாள்.

அண்டா கழுவுகிற இடத்தில் இப்போது வேறு ஒருவன். கிழக்கே ஏதோ நாட்டுக்காரன், நல்ல பையன் என்கிறார்கள். எனக்கு வேறு வேலை தேடுகிறோம் என்று ஒரு ஆபீஸில் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டபோது, பேசத் தெரியும் என்றேன். ஜெரோம் அதையும் மொழிபெயர்த்தான்.

தினமும் காலையில் அவன் வேலைக்குக் கிளம்புமுன் சமையல் மேசையில் எதிரே உட்காருவான். காதில் மாட்டுவதைக் கழற்றி வைத்துவிடுவான். நான் கையை மடக்குவேன். அவன் புறங்கையில் விரலை வைத்து அமுக்குவான். விழும். மறுபடி. அவ்வளவுதான் எங்கள் பேச்சு, ஆனால் முன்னைவிட அதிகம்.

இன்று காலையில் கை விழவில்லை. அவன் அமுக்குகிறான், என் மணிக்கட்டு நிற்கிறது. ரோசாலி காப்பிப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி அமுக்கச் சொன்னேன், மறுபடியும் நின்றது. அக்காவுக்குப் போன் போடலாம் என்று வாய்வரை வந்தது. அப்போது அவன் விரலைப் பார்த்தேன். நகம் வெளுக்கவில்லை. விரல் என் தோலின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது.

“டேய், அமுக்குறியா, தடவுறியா?”

அவன் தலை நிமிரவில்லை.

“முழுசா அமுக்கு.”

“விழும்ப்பா.”

“விழட்டும்.”

அமுக்கினான். நான் பிடித்துத்தான் பார்த்தேன். கை விழுந்து மேசையில் மோதி, பக்கத்திலிருந்த கரண்டி அதிர்ந்தது. ரோசாலி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெரோம் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அது இருந்த இடத்தில் திரும்ப வைத்தான்.

“இன்னொரு வாட்டி,” என்றான்.